கோப்பை எங்களுக்கு, காகிதம் யாருக்கு?

1990இல் மண்டல் பரிந்துரையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் 'தகுதி, திறமை' என்று போட்ட கூச்சல் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்தச் சொற்கள் காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கால்பந்து மைதானம்தான் ஞாபகத்துக்கு வரும். திறமையை மூடி மறைக்கவே முடியாத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த மைதானம். அங்கே விடைத்தாள் கிடையாது, திருத்துகிறவன் கிடையாது. பந்து யார் காலில் ஒட்டிக்கொண்டு போகிறது, யார் அடித்தால் வலைக்குள் விழுகிறது என்பதை மாடு மேய்க்கிறவரும் பார்க்கலாம், கல்லூரி முதல்வரும் பார்க்கலாம். அப்படி எல்லாரும் கண்ணால் பார்த்து, கை தட்டி, கோப்பை கொடுத்து ஒப்புக்கொண்ட திறமை அப்புறம் எங்கே போகிறது? கல்லூரியில் சிறந்த ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கியவன் அடுத்த வருஷம் என்ன செய்து பிழைக்கிறான்? நான் முப்பது வருஷமாக அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியன். ஊர்ப் பேச்சில் சொன்னால் பி.டி. வாத்தியார். பையன்களையும் பெண் பிள்ளைகளையும் மைதானத்தில் இழுத்து விடுவதே பிழைப்பாக இருக்கிற எனக்கு இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக முடிவதில்லை.

எங்கள் ஊர் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவாமாத்தூர். தேவாரப் பாடல் பெற்ற ஊர் என்று கோயிலுக்கு வந்து போகிறவர்களுக்குத் தெரியும். அபிராமேஸ்வரர் கோயில், பம்பை ஆறு, வட்டப்பாறை. வட்டப்பாறையில் நின்று பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்பது சுற்றுவட்டார நம்பிக்கை. காலனிக்காரர்களான எங்களுக்குப் பம்பைதான் எல்லாம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் தண்ணீர் இருக்காது, மணல்தான். ஊர்த் தெருப் பையன்கள் களத்துமேட்டில் ஆடுவார்கள். நாங்கள் அங்கே இறங்கினால் பந்து கிழிந்துதான் திரும்பும். அதனால் ஆற்றில் ஆடினோம்.

மணலில் ஆடி வளர்ந்தவன் கால் வேறு மாதிரி இருக்கும். மணலில் பந்து உருளாது. கால் விரலைப் பந்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். நான்கு அடி ஓடினால் மூச்சு வாங்கும். கணுக்காலுக்குக் கீழே ஒரு முரட்டு பலம் ஏறும். இப்போது பெரிய பயிற்சி முகாம்களில் மணல் பயிற்சி என்று தனியாக நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இடம் கொடுக்காமல் விரட்டியவர்கள் எங்களுக்கு இலவசமாகக் கொடுத்த பயிற்சி அது.

அந்த மணலில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் என் பெரியப்பா மகன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம் மக்கள் 12 பேரைக் கொன்றார்கள். அண்ணனுக்கு அப்போது 13 வயது. அதற்குப் பிறகு பெரியம்மா அவரை டவுனுக்கு ஆட அனுப்பவே பயப்படும். "பந்தும் வாணாம் ஒண்ணும் வாணாம், இருட்டறதுக்குள்ள வூடு வந்து சேருடா" என்று தெருமுனை வரை பின்னாலேயே போகும். கால்பந்து சாயங்கால ஆட்டம். வெயில் இறங்கினால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். இவர் பாதி ஆட்டத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்துவிடுவார். போவதற்குள் கோல் போட்டுவிட வேண்டும் என்கிற அவசரம் அவர் காலில் அப்படித்தான் ஏறியிருக்க வேண்டும். கடைசி வரைக்கும் முதல் இருபது நிமிஷத்தில் அவர் ஆடுகிற ஆட்டம் வேறு, அப்புறம் ஆடுகிற ஆட்டம் வேறு.

1983இல் கல்லூரியில் சேர்ந்தார். எந்தக் கல்லூரி என்பதை எழுதுவதாக இல்லை. எங்கள் வம்சத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள். லெஃப்ட் அவுட்டாக ஆடினார். சேர்ந்த வருஷமே டீமில் எடுத்துக் கொண்டார்கள். அந்த மட்டில் அந்தக் கல்லூரியைக் குறை சொல்ல முடியாது. ஜெயிப்பதற்கு அவர் வேண்டியிருந்தது.

திண்டிவனத்தில் நடந்த ஒரு ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிக் கொண்டு போயிருந்தார். காலையிலிருந்து மழை. மைதானம் முழுக்கச் சேறு. இரண்டு டீம் ஆட்களும் பந்தைத் தரையோடு தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள், பந்து சேற்றில் குந்திக் கொள்கிறது. அண்ணன் அதை மணலில் எடுக்கிற மாதிரி விரலால் கிள்ளி எடுத்தார். முழங்கால் உயரத்துக்குப் பந்து எழும்பியது. அதைத் தரையில் விழவிடாமல் இரண்டு பேரைத் தாண்டிப் போய் அப்படியே அடித்தார். கோல் கீப்பர் கையைக் கூடத் தூக்கவில்லை. எதிர் டீம் வாத்தியார், அவர் எங்கள் ஆள் கிடையாது, ஓடி வந்து இவர் முதுகில் தட்டி, "எந்த ஊர்டா நீ?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது: "அங்க எந்தத் தெரு?"

மூன்று வருஷமும் கல்லூரி நாள் விழாவில் சிறந்த கால்பந்து ஆட்டக்காரர் கோப்பை அவருக்குத்தான். மேடைக்குக் கூப்பிட்டார்கள். வந்திருந்த பெரிய மனிதர் கை குலுக்கினார். போட்டோ பிடித்தார்கள். வெளி டோர்னமென்ட்டுகளில் வாங்கிய கப்புகளையும் சேர்த்துப் பரண் நிறைந்துவிட்டது. காலனியில் மின்சாரம் வராத வீட்டில் அந்தக் கப்புகள் மட்டும் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். நம் மாணவர்களில் பலருக்கு இது இன்றைக்கும் தெரியாது. கல்லூரி கொடுக்கிற கோப்பைக்கு வேலைவாய்ப்பில் ஒரு பைசா மதிப்பு கிடையாது. 1980 ஆகஸ்டில் மத்திய அரசின் பணியாளர் துறை ஓர் ஆணை போட்டது. விளையாட்டு வீரர்களை அரசு வேலையில் எடுப்பதற்கான ஆணை. யாரைத் தகுதியுள்ளவராக எடுத்துக்கொள்வது என்பதற்குப் படிவங்களையும் அதிலேயே வகுத்தார்கள். நாட்டுக்காக ஆடியவனுக்குப் படிவம் 1. மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியவனுக்குப் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவனுக்குப் படிவம் 3. பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்குப் படிவம் 4. கவனியுங்கள்: கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடக்கிற போட்டி இந்தப் பட்டியலிலேயே இல்லை. பத்து கல்லூரியை ஜெயித்துக் கொடுத்தாலும் சரி, மூன்று வருஷம் சிறந்த ஆட்டக்காரனாக இருந்தாலும் சரி, பல்கலைக்கழக டீமில் பெயர் வராவிட்டால் அவன் அரசாங்கத்தின் கண்ணுக்கு விளையாட்டு வீரனே கிடையாது. தமிழ்நாடு காவல்துறையில் விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே கேட்பதும் இந்தப் படிவங்களைத்தான்.

ஆக, கல்லூரிக் கோப்பைக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பல்கலைக்கழக டீம் செலக்‌ஷன். கோப்பை தருகிறவர்கள் மேடையில், ஆயிரம் பேர் பார்க்கத் தருகிறார்கள். இந்தக் கதவைத் திறப்பவர்கள் நான்கைந்து பேர், மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்போது விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. செலக்‌ஷனுக்கு 160 கிலோமீட்டர் போக வேண்டும். 1984இல் அண்ணன் முதல் தடவை போனார். பெரியப்பா கூலி நெல்லை விற்றுக் காசு கொடுத்தார். இரண்டு நாள் தங்க இடமில்லாமல் எழும்பூர் ரயில் நிலையத்தில் படுத்துக் கொண்டார். காலையில் மைதானத்துக்குப் போனால், "பூட்ஸ் இல்லாதவங்கல்லாம் ஓரமா நில்லுங்க" என்று ஒரு குரல். எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஓரமாக நின்றார்கள். வேறொரு கல்லூரிப் பையன் தன் ஆட்டம் முடிந்ததும் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பையன் பெயர் கூட அண்ணனுக்குத் தெரியாது. ஒரு சைஸ் சின்னது. அதைப் போட்டுக் கொண்டு பதினைந்து நிமிஷம் ஆடக் கிடைத்தது. அதுவும் லெஃப்ட் அவுட்டாக இல்லை, பேக்கில் நிற்கச் சொன்னார்களாம். திரும்பி வந்தபோது இரண்டு கால் கட்டை விரல் நகமும் கறுத்துப் போயிருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. அடுத்த வருஷம் கடன் வாங்கி சொந்த பூட்ஸோடு போனார். நன்றாக ஆடியதாக அவரே சொன்னார். அவர் அப்படிச் சொல்கிற ஆள் கிடையாது. 'ஸ்டாண்ட் பை' என்றார்கள். ஸ்டாண்ட் பைக்கு அழைப்பும் வரவில்லை, படிவமும் கிடையாது. டீமில் போன ஒருவனை அண்ணன் முந்தின மாதம்தான் ஒரு ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடவிடாமல் அலைய விட்டிருந்தார். அவன் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் பின்னால் கேள்விப்பட்டது. கேள்விப்பட்டதை வைத்துப் பெயர் எழுத நான் தயாரில்லை. எந்த மதிப்பெண் போட்டு எடுத்தார்கள் என்று கேட்க அன்றைக்கு ஒரு வழியும் இல்லை என்பது மட்டும் கேள்விப்பட்டதில்லை, நடந்தது.

பூட்ஸ் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி வெள்ளைக்காரப் பட்டாள டீமான ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. அந்த டீமில் பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலில் ஆடியவர்கள். இதைச் சொல்லிச் சொல்லி இந்த தேசம் புல்லரித்துப் போகிறது. அந்த வெறுங்கால் சுதந்திர வேட்கையாம். சேரியிலிருந்து வந்தவனின் வெறுங்காலைப் பார்த்தால் மட்டும் 'ஓரமா நில்லு'.

1988இல் பெரியப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. கையில் காசில்லை. கப்புகளில் பெரிதாக, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஒன்று இருந்தது. வெள்ளி என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். அதைத் துண்டில் சுற்றிக் கொண்டு நானும் அண்ணனும் விழுப்புரத்தில் ஒரு சேட்டு கடைக்குப் போனோம். சேட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் லேசாகச் சுரண்டினார். "வெள்ளி இல்லப்பா. முலாம். உள்ள பித்தளை. பாத்திரக் கடையில எடைக்குப் போடு" என்றார். பாத்திரக் கடையிலும் தயங்கினார்கள். "பேரு வேற வெட்டியிருக்குதே" என்றார் கடைக்காரர். அண்ணனுடைய பெயரும் வருஷமும் அதில் பொறித்திருந்தது. அதனால் விலை இன்னும் குறையுமாம். திருப்பிக் கொண்டு வந்துவிட்டோம்.

பெரியம்மாவுக்கு அந்தக் கப்புகள் மேல் கோபம் வந்ததே இல்லை. ஒன்றில் உப்பு போட்டது, ஒன்றில் புளி. ஒன்றை அரிசி அளக்க வைத்துக் கொண்டது. எனக்குத் தெரிந்து விருதுகளை உருப்படியாகப் பயன்படுத்திய ஒரே ஆள் அதுதான். "இவ்ளோ பெரிய கிண்ணி குடுக்கறவன், வேலைக்குன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுக்க மாட்டானாடா?" என்று ஒரு நாள் கேட்டது. அண்ணன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக் கொண்டே சொன்னார்: "கிண்ணி நம்பளுக்கும்மா. சீட்டு அவுங்களுக்கு."

அவர் விழுப்புரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். முப்பது வருஷத்துக்கு மேல் தூக்கினார்.

அமெரிக்காவில் கல்லூரி ஆட்டத்துக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் நேர்ப் பாதையே போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம், முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக் கொண்டு ஓடுவது. அங்கே கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்கு 1935 முதல் ஹைஸ்மன் கோப்பை கொடுக்கிறார்கள். தொழில்முறை அணிகள் ஊரறிய உட்கார்ந்து கல்லூரிப் பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கின்றன. போன வருஷம் கடைசியில் வந்த அணிக்கு முதல் உரிமை. அப்படியும் கோப்பையே பிழைப்பாகிவிடவில்லை. முதல் கோப்பையை வாங்கிய ஜே பெர்வாங்கரை 1936இல் முதல் ஆளாக எடுத்தார்கள். சம்பளம் கட்டுப்படியாகாமல் அவர் தொழில்முறையில் ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை. 1993இல் கோப்பை வாங்கிய கறுப்பின வீரர் சார்லி வார்டை அந்த ஆட்டத்தின் எந்த அணியும் எடுக்கவில்லை. அவர் கூடைப்பந்துக்குப் போய்ப் பிழைத்தார்.

எர்னி டேவிஸ் கதைதான் நமக்கு நெருக்கமானது. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கறுப்பு இளைஞர். 1960 ஜனவரி 1 அன்று டல்லாஸில் நடந்த காட்டன் பவுல் ஆட்டத்தில் அவர்தான் சிறந்த ஆட்டக்காரர். இரவு விருந்தில் விருது கொடுப்பார்கள். விருதை வாங்கிக் கொண்டு விருந்து மண்டபத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அந்த ஊர் வெள்ளையர் ஊர். கோப்பை உனக்கு, சாப்பாடு எங்களுக்கு. 1961இல் ஹைஸ்மன் கோப்பையை வென்ற முதல் கறுப்பர் ஆனார். அடுத்து அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது எந்த அணி தெரியுமா? அதுவரை ஒரு கறுப்பரைக் கூடச் சேர்க்காத வாஷிங்டன் அணி. அதன் முதலாளிக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிடவில்லை. புதிய மைதானம் அரசாங்க நிலத்தில் இருந்தது. கறுப்பரைச் சேர்க்காவிட்டால் மைதானம் கிடையாது என்று கென்னடி அரசின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால் சொல்லிவிட்டார். அதன் பிறகே கதவு திறந்தது. வாஷிங்டன் அணி டேவிஸைக் கிளீவ்லாந்துக்கு மாற்றிக் கொடுத்து, பதிலுக்கு பாபி மிட்செல் என்ற இன்னொரு கறுப்பு வீரரை வாங்கியது. டேவிஸ் ரத்தப் புற்றுநோயில் 1963 மே மாதம் இறந்து போனார். வயது 23. தொழில்முறையில் ஒரு ஆட்டம் ஆடவில்லை. அவருடைய திறமையை நாடே பார்த்திருந்தது. ஆனாலும் வாஷிங்டனில் கதவைத் திறந்தது மைதான ஒப்பந்தம்தான்.

நம் நாட்டில் அப்படி ஒரு பாதையும் கிடையாது. இங்கே கல்லூரியிலிருந்து ஆட்டக்காரர்களை எடுத்துக் கொண்டிருந்தவை தொழில்முறைக் கிளப்புகளைவிட அதிகம் வங்கியும் ரயில்வேயும் போலீசும்தான். சென்னை லீக்கில் தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., சுங்கத்துறை, இந்தியன் வங்கி என்று டீம்கள். 1990களின் கடைசியில் இந்தியன் வங்கி தேசிய லீக் வரைக்கும் போய் ஆடியது. ஆட்டக்காரன் என்றால் சாயங்காலம் ஆடுகிற குமாஸ்தா என்று அர்த்தம். அந்தக் குமாஸ்தா நாற்காலி எங்கள் கனவு. அதைக் கேலி செய்யாதீர்கள். மாதச் சம்பளம், ஓய்வூதியம், ரயில் பாஸ் எல்லாம் தலைமுறைக்கே இல்லாத சனங்களுக்கு உலகக் கோப்பையைவிடப் பெரிது. கேரளத்தில் ஐ.எம். விஜயன் கல்லூரிப் பக்கமே போகாதவர். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். கேரள போலீஸ் அவரை டீமில் எடுத்து வேலையும் கொடுத்தது. பின்னால் மூன்று முறை இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். 2003இல் அர்ஜுனா விருது, 2025இல் பத்மஸ்ரீ. அந்தப் போலீஸ் டீமில் அவரோடு ஆடிய வி.பி. சத்தியன் இந்திய அணிக்கே தலைவராக இருந்தவர், பிறகு சென்னையில் இந்தியன் வங்கிக்கு வந்தவர். 2006 ஜூலையில் பல்லாவரத்தில் ரயில் முன்னால் விழுந்து செத்துப் போனார். நாங்கள் விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகிற அதே தண்டவாளம்.

அந்தக் குமாஸ்தா நாற்காலிகளும் குறைந்துவிட்டன. 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. கோடிக்கணக்கில் பணம், டி.வி., வெளிநாட்டு வீரர்கள். பதின்மூன்று பதினான்கு வயதிலேயே பையன்களை அகாதமியில் சேர்த்து வளர்ப்பதுதான் இந்தக் கிளப்புகளின் முறை. வியாசர்பாடியிலிருந்து கிளம்பிய தனபால் கணேஷ், 2017-18இல் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார். அவர் பூனே எஃப்.சி. வழியாக வந்தவர். வியாசர்பாடிச் சந்துக்காவது பக்கத்தில் சென்னை இருக்கிறது. விழுப்புரத்துக் காலனிப் பையன் கண்ணில் படுவது பெரும்பாலும் கல்லூரிக்கு வந்த பிறகுதான். சிறந்த ஆட்டக்காரன் கோப்பை வாங்குகிறபோது இருபது வயது. அந்த வயதில் கிளப்புக்காரன், 'லேட்டாயிடுச்சே தம்பி' என்கிறான்.

மிச்சம் இருப்பது ரயில்வேயும் போலீசும். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். மைதானத்தில் ஆடிக் காட்டுவதற்கு 40. சான்றிதழ்களில் உள்ள சாதனைக்கு 50. படிப்புக்கு 10. காலுக்கு நாற்பது, காகிதத்துக்கு ஐம்பது. வயது 18 முதல் 25 வரை. எஸ்.சி., எஸ்.டி.க்கு மற்ற வேலைகளில் உள்ள வயதுத் தளர்வு இதில் கிடையாது. குடும்பக் கஷ்டத்தில் இரண்டு வருஷம் படிப்பை விட்டுவிட்டு மறுபடி வந்து சேருகிறவன் எங்கள் பிள்ளைதான். அந்த இரண்டு வருஷத்தை யாரும் அவனுக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை.

இப்போது என்னைப் பற்றி. நானும் கல்லூரியில் ஆடினேன். அண்ணனில் கால்வாசி கூட இல்லை. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, இரண்டு பேரையும் பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோப்பை எதுவும் நான் வாங்கவில்லை. ஆனால் உடற்கல்விப் படிப்பில் எங்களுக்கு இட ஒதுக்கீடு இருந்தது. விண்ணப்பித்தேன், சேர்ந்தேன், முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். பதிவு மூப்பு வந்தது. இன சுழற்சியில் என் முறை வந்தது. எந்த நாற்காலிக்காரரும் என் காலைப் பார்த்து முடிவு செய்யவில்லை, என் தெருவைக் கேட்டும் முடிவு செய்யவில்லை. சட்டத்தில் எழுதி வைத்த முறை எழுதி வைத்தபடி நடந்தது. இட ஒதுக்கீட்டால் திறமை செத்துப் போகிறது என்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேர். இட ஒதுக்கீட்டில் போனவன் வாத்தியாராகி இருபது முப்பது பிள்ளைகளை மாவட்ட அணிக்கு அனுப்பியிருக்கிறான். 'திறமை' பார்க்கிற இடத்துக்குப் போன நிஜமான திறமைசாலி மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டில் திறமையைக் கொன்றது எது என்று அவர்களே சொல்லட்டும்.

பக்கத்துக் கடலூரில் பெண் பிள்ளைகள் செய்து காட்டியது எனக்குப் பெரிய தெம்பு. அந்த ஊரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்துத் தேசியப் பட்டம் வாங்கினார்கள். 2019இல் மதுரை சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளை ஆட விடுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார்கள். "அரைக்கால் நிஜார் போட்டுக்கினு ஆடுமா?" என்று கேட்ட ஒரு ஆயாவிடம், "போலீஸ் வேலை கெடைக்கும் ஆயா" என்றேன். "அப்ப ஆடட்டும்" என்றது.

அந்த ஆயாவின் பேத்திதான் எங்கள் காலனியிலிருந்து படிவம் 3 வாங்கிய முதல் ஆள். அரசுக் கல்லூரி மாணவி, ஹாஃபில் ஆடுகிறாள். இப்போது எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ். சிதம்பரம்தான், சென்னை அளவுக்குத் தூரம் இல்லை. செலக்‌ஷனுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே, தேர்வுக்கு என்ன அளவுகோல், மதிப்பெண் பட்டியல் ஒட்டுவார்களா என்று கேட்டு ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் பெயரை அதில் ஒரு வரியில் எழுதி வைத்தேன். கடிதத்தால் வந்ததா, அவள் காலால் வந்ததா, தெரியாது. பெயர் வந்தது. பூட்ஸ் வாங்க எங்கள் பள்ளியில் பழைய மாணவர்கள் பணம் போட்டார்கள். காசு எண்ணிக் கொடுத்தவர்களில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர்.

டோர்னமென்ட் முடிந்து படிவம் கையில் வர நான்கு மாதம் அலைந்தோம். முதலில் கல்லூரி முதல்வர் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டார்கள், போதும் என்று நினைத்தாள். போதாது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரோ, அங்கே விளையாட்டுக்கு முழுப் பொறுப்பான அதிகாரியோ தன் கையால் போட்ட கையெழுத்து இருந்தால்தான் படிவம் 3 செல்லும். அது படிவத்தின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த வரியைப் படிக்காமல் வேலையை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. மறுபடி சிதம்பரம் போய் வாங்கி வந்தாள்.

அன்றைக்கு அண்ணன் வீட்டில் இருந்தார். இப்போது வயது அறுபது ஆகிறது, முதுகு வளைந்துவிட்டது. கையைத் துண்டில் துடைத்துக் கொண்டு காகிதத்தை வாங்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இவ்ளோதானாடா இது?" என்றார் என்னிடம்.

"இவ்ளோதாண்ணா."

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் பிள்ளையிடம் கொடுத்து, "கண்ணாடித் தாள் போட்டு ஒட்டிடும்மா, நனைஞ்சிரப் போவுது" என்றார். ஒட்டக் கூடாது, முத்திரையைச் சரிபார்க்கிறவன் தொட்டுப் பார்ப்பான் என்று நான் சொன்னேன். அவள் அதை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டு, மூன்று ஜெராக்ஸ் எடுக்க விழுப்புரம் பஸ் ஏறினாள்.